ஒரே வெந்நீர், ரெண்டு டிக்கெட்

புடாபெஸ்ட் நகரப் பூங்காவுல 1868-ல துளை போட ஆரம்பிச்சார் வில்மோஷ் ஷிக்மொந்தி என்கிற சுரங்கப் பொறியாளர். 10 வருஷ வேலை. சுமார் 970 மீட்டர் ஆழத்துல இருந்து 74 டிகிரி வெந்நீர் தானாவே பொங்கி மேல வந்தது. அந்தத் தண்ணியை நம்பித்தான் 1913-ல செச்செனி குளியல் மாளிகையைத் திறந்தாங்க.

ஆனா கட்டடம் எல்லாரையும் ஒண்ணா விடலை. காசு கொடுக்க முடிஞ்சவங்களுக்குத் தனிக் குளியலறைகள், மத்தவங்களுக்குப் பொதுக் குளியல். அதுலயும் ஆண்கள் தனி, பெண்கள் தனி. வெளிக்குளங்கள் 1927-லதான் வந்தது.

நான் அங்க போனப்போ கூடுதலா பணம் கட்டி, தனி கேபின் பாஸ் எடுத்தேன். கிடைச்சது உடை மாத்த ஒரு சின்ன அறை, பூட்டிக்க ஒரு கதவு. அவ்வளவுதான். வெளிய வந்தா லாக்கர் டிக்கெட்காரங்களோட அதே குளம். தண்ணியில நின்னு செஸ் ஆடுற தாத்தாக்கள். 1913-ல கூடுதல் காசு குளியலையே பிரிச்சது. இன்னிக்கு அது துணி மாத்துற இடத்தை மட்டும்தான் பிரிக்குது.