புது எலெக்ட்ரிக் கிட்டாரில் 'ஜிர்ர்' சத்தமா? செட்டப் பிரச்னையா, தயாரிப்புக் குறையா... கண்டுபிடிப்பது எப்படி?

சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆன்லைனில் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிட்டீங்க. வாசித்தால் ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் உரசி 'ஜிர்ர்' என்கிறது, ட்யூனும் நிற்கவில்லை. திருப்பி அனுப்பணுமா, சர்வீஸ் செய்பவரிடம் காட்டினால் போதுமா? ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் இதைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

எதெல்லாம் செட்டப்பில் சரியாகும்?

கிட்டாரின் நெக் மரம். ஈரப்பதம் கூடினால் உப்பும், குறைந்தால் சுருங்கும். தொழிற்சாலையில் நேராக இருந்த நெக், உங்கள் ஊருக்கு வருவதற்குள் லேசாக வளைந்திருக்கலாம். அதைச் சரிசெய்யத்தான் நெக்குக்குள் 'ட்ரஸ் ராட்' என்ற உலோகக் கம்பி இருக்கிறது. பல ஃப்ரெட்களில் பரவலாக உரசல் கேட்டால், பெரும்பாலும் நெக் வளைவு அல்லது ஸ்ட்ரிங் உயரம்தான் காரணம். 12-வது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்குக்குக் கீழே சுமார் 1.5 முதல் 2 மி.மீ. இடைவெளி இருப்பது வழக்கம்.

புது ஸ்ட்ரிங் இழுபட்டு நிலைக்கச் சில நாள் ஆகும். அதுவரை ட்யூன் இறங்குவது சகஜம். 12-வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும், அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் ட்யூனரில் ஒன்றாகக் காட்டவில்லையா? பிரிட்ஜில் உள்ள சேடிலை நகர்த்தினால் சரியாகிடும்.

எதெல்லாம் குறை?

* நெக் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருப்பது, மரத்தில் விரிசல்.
* ட்ரஸ் ராட் திரும்பாமல் இறுகிக் கிடப்பது.
* செட்டப் செய்த பிறகும் குறிப்பிட்ட ஒரு இடத்தில் மட்டும் உரசல். அங்கே ஃப்ரெட் தூக்கியிருக்கலாம்.
* விரலைக் கீறும் ஃப்ரெட் முனைகள்.
* கேபிளை மாற்றிப் பார்த்தும் சத்தம் விட்டு விட்டு வருவது, ஒரு பிக்கப் வேலையே செய்யாமல் இருப்பது.

சிங்கிள் காயில் பிக்கப்பில் லேசான 'ஹம்' கேட்பது அதன் இயல்பு, குறை இல்லை. ஆனால் ஸ்ட்ரிங்கைத் தொட்டால் ஷாக் அடிப்பது போலிருந்தால் உடனே நிறுத்திடுங்க. ஆம்ப்பிலோ வீட்டு எர்த்திங்கிலோ கோளாறு இருக்கலாம். எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை தொட வேண்டாம்.

முதலில் என்ன செய்யணும்?

பெட்டியைப் பிரிப்பதில் தொடங்கி வீடியோ எடுங்க. குறை தெரியும் இடம், சீரியல் எண், பில் எல்லாவற்றையும் படம் எடுங்க. பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க. புகார் பதிவாகும்வரை ட்ரஸ் ராடைத் திருகவோ, ஃப்ரெட்டை ராவவோ வேண்டாம். 'நீங்கதான் கெடுத்தீங்க' என்று சொல்ல அதுவே காரணமாகிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-ன்படி, பொருள் குறையுள்ளதாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால், அதைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. ஆன்லைன் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் உங்கள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

பதில் சரியில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும்.

'செட்டப் பண்ணா சரியாயிடும்' என்று கடைக்காரர் சொன்னால், மேலே உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்க. முறுக்கிய நெக்கும் விரிசலும் செட்டப்பில் சரியாகாது. அதற்கு மாற்று கிட்டாரோ பணமோ கேளுங்க. கேட்பதை எழுத்தில், ஈமெயிலில் கேளுங்க.