இடம் மாறிய காய்ச்சல் வரைபடம்

இலங்கையில் காய்ச்சலுக்குப் பேர்போன பகுதி எதுவென்று எமது பாட்டன்மாரைக் கேட்டிருந்தால், வன்னியையும் அனுராதபுரத்தையுமே காட்டியிருப்பார்கள். மலேரியா உலர்வலயத்தின் நோய், ஈரவலயத்தார் அஞ்சத் தேவையில்லை என்பதே அன்றைய எண்ணம். 1934-35இல் அந்த எண்ணம் பொய்யாயிற்று. வரட்சியால் ஆறுகள் குட்டைகளாகச் சுருங்க, கேகாலை போன்ற ஈரவலய மாவட்டங்களில் மலேரியா கொள்ளைநோயாக மூண்டது. சுமார் 80,000 பேர் மாண்டனர்.

மலேரியா ஒட்டுண்ணியால் வருவது, வைரசால் அன்று. ஆயினும் அந்தப் பாடம் நுளம்பு பரப்பும் வைரஸ் நோய்களுக்கும் பொருந்தும். ஒரு பிரதேசம் ஆபத்தானதா, இல்லையா என்பது என்றைக்குமாக எழுதிவைக்கப்பட்ட செய்தியல்ல. நீர் தேங்கும் இடமும் மனிதரின் வாழ்க்கைமுறையும் மாறும்போது அதுவும் மாறுகிறது.

1985இன் இறுதியில் அனுராதபுரத்தில் ஜப்பானிய மூளையழற்சி பரவியமை இதற்கு ஒரு சான்று. மகாவலி நீர் பாய்ந்து புதிய நெல்வயல்கள் விரிந்திருந்தன. குடியேற்றங்களில் பன்றி வளர்ப்பும் புகுந்திருந்தது. வயல்நீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு, பன்றியின் உடலில் பெருகிய வைரசை மனிதருக்குக் கடத்தியது. அப்பருவத்தில் 300 பேருக்கு மேல் நோயுற்றனர். 1987-88இல் அத்தொகை 700ஐயும் தாண்டியது. 1988இல் ஆபத்து மிகுந்த பகுதிகளில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது.

டெங்குவின் கதை வேறு. 1962இல் இங்கு உறுதிசெய்யப்பட்ட இந்நோய், 1965இல் சிக்குன்குனியாவுடன் சேர்ந்து பரவியது. 1989இல் குருதிப்பெருக்குக் காய்ச்சலாக வலுத்தது. இதைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புக்குக் காடும் வயலும் வேண்டியதில்லை. பழைய ரயர், பூச்சாடித் தட்டு, அடைபட்ட கூரைப்பீலி, சிரட்டை ஆகியவை போதும். உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது 2016 செப்டெம்பரில். மறு ஆண்டே டெங்குவால் 1,86,000 பேருக்கு மேல் பீடிக்கப்பட்டனர், 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நோயாளரில் பத்துக்கு நால்வருக்கு மேல் மேல் மாகாணத்தவர். பாட்டன்மார் பாதுகாப்பானதென நம்பிய தென்மேற்கே இப்போது ஆபத்தின் மையமாகிவிட்டது.

அப்படியானால் வடக்கு தப்பிவிட்டதா? இல்லை. ஈடிஸ் நுளம்பு சில நூறு மீற்றருக்கு மேல் பறப்பது அரிது. ஆனால் வைரஸ் மனிதரின் குருதியில் பஸ் ஏறிப் பயணம் செய்கிறது. 2009இல் போர் முடிந்து ஏ9 வீதியில் போக்குவரத்து மீண்ட பின்னர், அவ்வாண்டின் இறுதியிலும் 2010இன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் டெங்கு பெருகியது. யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் கரையோரங்களில் உவர்கலந்த நீரிலும் ஈடிஸ் குடம்பிகள் வளர்வதை 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நன்னீரில் மட்டும் அவற்றைத் தேடிய வழக்கம் போதாதென்பது தெளிவாயிற்று.

பருவமும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. கொழும்பில் தென்மேற்குப் பருவமழையையொட்டி ஜூன், ஜூலையில் நோய் உச்சம் பெறும். யாழ்ப்பாணத்திலோ வடகீழ்ப் பருவமழையைத் தொடர்ந்து மார்கழி, தை மாதங்களே உச்சக் காலம். புலம்பெயர்ந்த உறவுகள் விடுமுறையில் ஊர் திரும்பும் காலமும் அதுவே. பூட்டிக் கிடந்த வீட்டின் தொட்டிகளும் வளவில் கிடக்கும் கோம்பைகளும் மழைநீர் ஏந்திக் காத்திருக்கின்றன.

எனவே வருவோர் முதல் நாளே வளவைச் சுற்றிப் பார்த்து, தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். ஈடிஸ் பகலில் கடிப்பது. இரவு வலை மட்டும் போதாது. கடிபட்டு 4 முதல் 10 நாட்களின் பின்னரே காய்ச்சல் தோன்றுவதால், அது ரொறன்ரோவிலோ இலண்டனிலோ தலைகாட்டலாம். அங்கு வைத்தியரிடம் முதலில் சொல்லவேண்டியது, "இலங்கை சென்று வந்தேன்" என்பதே. அஸ்பிரின் எடுக்கவேண்டாம். காய்ச்சல் தணிந்ததும் ஆபத்து நீங்கியதென எண்ணவும் வேண்டாம். டெங்குவில் பல உயிர்கள் பிரிந்தது காய்ச்சல் இறங்கிய பின்னரே.