மார்ஷல் கொடுத்த சிப்பாய்

1918 அக்டோபர். நியூயார்க்கின் மன்ஹாட்டன் செஸ் கிளப் நடத்திய போட்டி. வெள்ளைக்குக் காபாபிளாங்கா, கறுப்புக்கு ஃபிராங்க் மார்ஷல். எட்டாவது நகர்த்தலில் மார்ஷல் ஒரு சிப்பாயை டி5-க்குத் தள்ளி, ஈ5-இல் நின்ற இன்னொன்றைக் காவலில்லாமல் விட்டார்.

அதை வெட்டினால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம். ஆனால் வெட்டப் போன யானை நடுப்பலகையில் தனியாக மாட்டும். இடப்பக்கத்துக் காய்கள் வீட்டை விட்டுக் கிளம்பியே இருக்காது. கறுப்பின் படை மொத்தமும் ராஜாவை நோக்கித் திரும்பும். இது வீட்டில் தயாரித்த பொறி என்று காபாபிளாங்காவுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் வெட்டினார். சவாலை மறுப்பது மானக்கேடு என்று பட்டதாம். அடிகளையெல்லாம் தாங்கி, 36 நகர்த்தல்களில் வென்றார்.

காபாபிளாங்காவுக்காகவே மார்ஷல் இதைப் பல வருஷம் பொத்தி வைத்திருந்தார் என்பது செஸ்காரர்கள் விரும்பிச் சொல்லும் கதை. 1917-லேயே இதை ஒத்த ஆட்டம் ஒன்றை அவர் ஆடியிருப்பதால் எனக்கு நம்பிக்கையில்லை.

தோற்ற சூதை மார்ஷல் தூக்கியெறியவில்லை. டி5 சிப்பாய் வெட்டுப்பட்டதும் அங்கே வந்து நின்ற குதிரையை அவசரமாகத் தாக்குதலுக்கு ஓட்டியதுதான் கோளாறு. அதை அங்கேயே நிறுத்தி, சி6-இல் சிப்பாயை வைத்துத் தாங்கினால் போதும் என்று பிறகு கண்டார். இந்தச் சின்ன, சலிப்பூட்டும் நகர்த்தல்தான் சூதாட்டத்தை முதலீடாக மாற்றியது. 1965-இல் திபிலிசியில் ஸ்பாஸ்கி இதைக் கறுப்புக்கு ஆடியபோது, பலி கொடுப்பதற்கே பேர்போன தாலால்கூட உடைக்க முடியவில்லை. போகப்போக, கறுப்புக்கு டிரா வேண்டுமென்றால் இதை ஆடு என்கிற அளவுக்குச் சாதுவாகிவிட்டது.

முழுக்கச் சாதுவல்ல. 2004-இல் பிரிசாகோவில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் கிராம்னிக், இதற்கு எதிராகக் கணினியை நம்பி ஒரு தொடரைத் தயாரித்து வந்தார். கறுப்புக்கு ஆடிய லேகோ பலகை முன்னால் உட்கார்ந்தே விடை கண்டுபிடித்து, 25-வது நகர்த்தலில் ராணியை டி3-இல் வைத்தார். அடுத்த ஏழு நகர்த்தலில் கிராம்னிக் ஆட்டத்தைக் கைவிட்டார்.

கஸ்பரோவ் இந்த வம்புக்கே போகவில்லை. 1993-இல் லண்டனில், ஷார்ட்டுடன் மோதிய பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில், எட்டாவது நகர்த்தலாக ஏ4 ஆடி அந்தச் சிப்பாய்ப் பலிக்கு இடமே தராமல் ஒதுங்கிக்கொண்டார். மானக்கேடு என்று யாரும் சொல்லவில்லை.