கிரேக்கர் கண்ட கலக்கமும் தமிழர் கண்ட மெய்ப்பாடும்



உயர்தர வகுப்பு மாணவருக்கு அண்மையில் சிறு பயிற்சி ஒன்று கொடுத்தேன். கடந்த கிழமை உங்கள் மனத்தை அசைத்த சம்பவம் ஒன்றை எழுதுங்கள். அப்போது உண்டான உணர்ச்சியை ஒரு சொல்லிலே குறிப்பிடுங்கள் என்றேன். ஒரு மாணவி பரீட்சை நெருங்குவதை எழுதியிருந்தாள். ஒரு மாணவன் பஸ் நடத்துநரோடு நடந்த வாய்ச்சண்டையை எழுதியிருந்தான். கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்யும் அண்ணன் தீபாவளிக்கும் வரமாட்டானாம் என்று இன்னொருத்தி எழுதியிருந்தாள். மூவரும் இறுதியில் இட்ட சொல் ஒன்றே: 'டென்ஷன்'.

அந்தச் சொல்லின் மீது எனக்குப் பகையில்லை. இழுத்துக் கட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது அது. யாழ் நரம்பை முறுக்குவது போல மனம் இறுகுவதைச் சொல்லும் நல்ல உவமைதான். ஆயினும் அச்சமும் கோபமும் பிரிவுத் துயரும் ஒரே பெயரில் வந்து நின்றால், எதற்கு ஆறுதல் சொல்வது, எதற்கு நியாயம் கேட்பது? பெயர் தெரியாத நோய்க்கு மருந்து தேடுவது கடினம். மனத்தின் கொந்தளிப்புகளுக்குப் பெயரிட்டு, வகைசெய்து, காரணம் கண்ட பழைய மக்களுள் கிரேக்கர் முக்கியமானவர்கள். தமிழர் அவர்களுக்கு இளைத்தவர்கள் அல்லர். இன்று அந்த இரு மரபுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

இப்படிப் பார்ப்பது ஈழத்துத் தமிழறிஞருக்குப் புதிய வழியன்று. பேராசிரியர் க. கைலாசபதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலே, கிரேக்க இலக்கியத்தில் தோய்ந்த ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தார். சங்க வீரப்பாடல்களையும் ஹோமரின் காவியங்களையும் ஒப்புநோக்கிய அந்த ஆய்வு 1968ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. அதே பேராசிரியரிடம் சென்ற கார்த்திகேசு சிவத்தம்பி, பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தைக் கிரேக்க நாடகத்தின் துணையோடு ஆராய்ந்தார்; அந்நூல் 1981இல் வெளிவந்தது. அவர்கள் வெட்டிய பாதையிலே நாம் சிறிது தூரம் நடக்கலாம்.

ஹோமரின் இலியத் காவியத்தின் முதற்சொல்லே ஓர் உணர்ச்சியின் பெயர்: 'மேனிஸ்'. அக்கிலீஸ் என்னும் வீரனின் பெருஞ்சினம் அது. சாதாரணக் கோபத்துக்கு அந்த மொழியில் வேறு சொற்கள் இருந்தன. தெய்வங்களுக்குரிய, எளிதில் தணியாத, பலர் உயிரைக் குடிக்கும் சினத்துக்கே இச்சொல் பெரும்பாலும் வழங்கியது. 'தூமொஸ்' என்பது இன்னொரு சொல். வீரனின் நெஞ்சுக்குள் இருந்து அவனைக் கிளர்த்துவது அது. மூச்சு, துணிவு, கோபம் ஆகிய எல்லாம் அச்சொல்லில் அடங்கும். புகையைக் குறிக்கும் வடமொழித் 'தூமம்' இதற்கு உறவு என்பர் மொழிநூலார். போர்க்களத்திலே தனித்து விடப்பட்ட வீரன் தன் தூமொஸோடு தானே பேசுகிறான்: ஓடுவோமா, நிற்போமா? நமக்கு இது பழகிய காட்சி. நம் அகப்பாடல்களின் தலைவனும் தலைவியும் தம் நெஞ்சை எதிரே நிறுத்திப் பேசுகிறார்கள். வள்ளுவர் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார்.

'போபொஸ்' என்றால் பிற்காலக் கிரேக்கத்தில் அச்சம். ஹோமரிடத்திலோ அது பெரும்பாலும் படை சிதறி ஓடும் ஓட்டத்தைக் குறிக்கும். முதலிற் காலின் ஓட்டத்துக்குப் பெயர் இருந்தது. பின்னர் அப்பெயர் உள்ளத்தின் நடுக்கத்துக்கு ஏறியது.

'தராக்கே' என்ற சொல்லை நான் மிகவும் விரும்புவேன். கலக்கம் என்று அப்படியே தமிழாக்கலாம். கடற்றெய்வம் தன் சூலத்தால் கடலைக் கலக்கியதைச் சொல்லும் வினை எதுவோ, மனம் கலங்குவதற்கும் அதே வினைதான். தமிழிலும் குளம் கலங்குகிறது, கண் கலங்குகிறது, மனம் கலங்குகிறது. கலங்கிய நீரிலே தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைப்பது நம் பழைய வழக்கம். துக்க வீட்டில் நாம் செய்வதும் 'தேற்றுதல்'தான். துயரிலிருந்து மீள்வது 'தேறுதல்'. கி.மு. 341இல் பிறந்த எபிக்கூரஸ் என்ற தத்துவஞானி மனித வாழ்வின் நாட்டமாகக் கூறியது 'அதரக்சியா', அதாவது கலங்காமை. இருவரும் மனத்தைத் தண்ணீராகவே கண்டிருக்கிறார்கள்.

அடுத்தது பொதுவாகத் துன்பத்தையும் உணர்ச்சியையும் குறிக்கும் 'பாதொஸ்'. ஒருவனுக்கு நேர்வது, அவன் படுவது என்பது அதன் அடிப்பொருள். நம்முடைய 'பாடு' என்ற சொல்லும் 'படு' என்னும் வினையின் பிள்ளை. 'என் பாடு எனக்கு' என்கிறோம். ஓசையும் பொருளும் கிட்டவருவதைக் கண்டு இரண்டும் ஒரே வேர் என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். உணர்ச்சி என்பது நாம் செய்வதன்று, நமக்கு நேர்வது என்று இரு மக்களும் தனித்தனியே கண்டார்கள் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

நேர்வது என்றால், யாரால் நேர்கிறது? இங்கேதான் தெய்வம் வருகிறது. 'எந்தூசியாஸ்மொஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு உள்ளே தெய்வம் குடிகொண்ட நிலை என்பது பொருள். இன்று அச்சொல் ஐரோப்பிய மொழிகளில் வெறும் உற்சாகமாகச் சுருங்கிவிட்டது. நாம் வழங்கும் 'ஆவேசம்' என்ற வடசொல்லுக்கும் உட்புகுதல் என்பதே பொருள். 'ஒய்ஸ்த்ரொஸ்' என்பது மாட்டைக் கடித்து வெருட்டும் ஈ. அது கடித்த மாடு போல ஓடும் மனிதவெறிக்கும் அதுவே பெயராயிற்று. மருத்துவர் சொல்லும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெயருக்குள் அந்த ஈ இன்னும் இருக்கிறது. பிளேட்டோ தெய்வவெறியை நான்காக வகுத்தார்: குறிசொல்வோன் வெறி, சடங்கின் வெறி, கவிஞன் வெறி, காதலன் வெறி.

தமிழில் 'வெறி' என்ற சொல்லைக் கேட்டதும் சங்க அகப்பாடல்களின் வெறியாட்டு நினைவுக்கு வரும். தலைவி மெலிகிறாள், வளை கழல்கிறது, பசலை படர்கிறது. முருகன் அணங்கினான் என்று தாய் நினைத்து வேலனை அழைக்கிறாள். களம் இழைத்து, ஆட்டு மறியைப் பலியிட்டு, வேலன் ஆடுகிறான். தோழிக்கு மட்டும் உண்மை தெரியும்: இது தெய்வத்தால் வந்ததன்று, மலைநாடனால் வந்தது. உணர்ச்சிக்குத் தவறான பெயர் சூட்டினால் ஓர் ஆடு வீணே உயிர் விடும், பெண்ணும் குணமாகமாட்டாள் என்பதை நம் புலவர் நகைச்சுவையோடு சொல்லிவிட்டார்கள்.

கிரேக்கத்திலும் இத்தகைய தோழிமார் இருந்தனர், அவர்கள் மருத்துவர்கள். ஹிப்போக்கிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று, வலிப்பு நோயைப் 'புனித நோய்' என்று அழைப்பதைக் கண்டித்து, அது மற்ற நோய்களைவிடத் தெய்விகமானதன்று என்று வாதிடுகிறது. புளூட்டார்க் சொல்லும் கதை இன்னும் சுவையானது. செலூக்கஸ் மன்னனின் மகன் அந்தியோக்கஸ் படுக்கையில் விழுந்தான், காரணம் தெரியவில்லை. எராசிஸ்திராத்தஸ் என்ற மருத்துவர் அறையிலேயே அமர்ந்து, உள்ளே வருவோர் ஒவ்வொருவரையும், அப்போது இளவரசனின் உடலையும் கவனித்தார். மன்னனின் இளம் மனைவி ஸ்திராத்தோனிக்கே வரும்போது மட்டும் குரல் அடைத்தது, முகம் சிவந்தது, வியர்த்தது, நாடி தடுமாறியது. கவிஞி சாப்போ பாடிவைத்த அறிகுறிகள் எல்லாம் அங்கே இருந்தன என்கிறார் புளூட்டார்க். மருத்துவர் கவிதை படித்தவராயிருந்தது நோயாளியின் அதிர்ஷ்டம்.

உள்ளத்தில் உள்ளது உடலிற் படுவதைப் பார்த்து அறிவது. இதற்குத் தமிழிலே ஒற்றைச் சொல் உண்டு: மெய்ப்பாடு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் அதற்கே உரியது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன். ஆக முப்பத்திரண்டு. கிரேக்கத்தில் இதற்கு இணையான வேலையைச் செய்தவர் அரிஸ்டோட்டில். பேச்சுக்கலை பற்றிய தம் நூலின் இரண்டாம் பகுதியில் கோபம், அச்சம், நாணம், இரக்கம், பொறாமை முதலியவற்றை எடுத்து, எத்தகைய மனநிலையில், யார்மீது, எக்காரணத்தால் அது எழுகிறது என்று ஆராய்ந்தார்.

இருவரும் கோபத்துக்குச் சொல்லும் காரணம் வேறாக இருப்பது கவனிக்கத்தக்கது. அரிஸ்டோட்டிலுக்குக் கோபத்தின் வேர் அவமதிப்பு. தன்னைத் துச்சமாக எண்ணியவனைத் திருப்பித் தாக்கும் வேட்கை. தெருவிலும் சபையிலும் தலைநிமிர்ந்து நடந்த ஏதென்ஸ் குடிமகனின் கோபம் அது. தொல்காப்பியர் கூறும் நான்கோ உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பைச் சிதைத்தல், குடும்பத்துக்கும் சுற்றத்துக்கும் கேடு சூழ்தல், வைதும் அடித்தும் அலைத்தல், கொல்லுதல். இங்கே கோபத்தின் வேர் உடலுக்கும் உறவுக்கும் செய்யப்படும் கொடுமை. துரைத்தனத்தின் கீழ் வாழ்ந்த எங்கள் பாட்டன்மாருக்கு இரண்டு பட்டியலும் பொருந்தும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியபோது நேர்ந்தது அவமதிப்புமாகும், குடிகோளுமாகும்.

நேயர்களே, கிரேக்க வரலாற்றின் ஒரு நிகழ்ச்சியை இனிச் சொல்லவேண்டும். கி.மு. 494இல் பாரசீகர் மிலேத்தஸ் நகரைக் கைப்பற்றினர். ஆடவருட் பலர் கொல்லப்பட்டனர்; எஞ்சியோர் தொலைதூரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திகிரிஸ் நதி கடலிற் கலக்குமிடத்தே குடியேற்றப்பட்டனர். மிலேத்தஸ் மக்கள் ஏதென்ஸ் மக்களுக்கு உறவினர். சிறிது காலத்தின் பின் பிரினிக்கஸ் என்ற நாடகாசிரியர் அந்த வீழ்ச்சியையே நாடகமாக்கினார். அரங்கம் முழுவதும் கண்ணீர் விட்டு அழுதது. ஏதென்ஸ் அரசு அவருக்கு ஆயிரம் திராக்மா தண்டம் விதித்தது. அந்நாடகத்தை இனி எவரும் மேடையேற்றக் கூடாதென்றும் கட்டளையிட்டது. குற்றம் என்ன? சொந்தத் துயரை நினைவூட்டியமை! ஹெரொடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். நாடகம் இன்று கிடைக்கவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு புகையிரதம் நினைவுக்கு வரும். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று இரு அரசுகளும் மலையக மக்களைப் பங்கிட்டன. மிகுதி ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதாக விட்டன. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கு. வழியனுப்ப வந்தவர்கள் மேடையில் நின்று கதற, உள்ளே இருந்தவர்கள் யன்னலைப் பற்றிக்கொண்டு கதற, வண்டி நகர்ந்தது. அந்த வண்டிக்கு எங்கள் மக்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'.

தொல்காப்பியம் படியாத மக்கள் தொல்காப்பியரின் சொல்லையே தெரிந்தெடுத்தார்கள். அழுகைக்கு அவர் சொன்ன நிலைக்களன் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல், உற்றாரையும் உடைமையையும் இழத்தல், முன்னிருந்த நிலை குலைதல், இல்லாமை. அந்தக் கோச்சியிலே நான்கும் ஒரே பெட்டியில் ஏறியிருந்தன. கிரேக்க அரசு அழுகையைத் தடைசெய்ய முயன்றது. எங்கள் மக்கள் அதை வண்டிக்குப் பெயராக வைத்தார்கள். பின்னே பிறந்த பிள்ளைகள் 'ஏன் அந்தப் பெயர்?' என்று கேட்டால் வரலாறு முழுவதையும் சொல்லியே ஆகவேண்டும்.

பேராசிரியர் தம் உரையில் அழுகையை இரண்டாகப் பிரிப்பார்: தன் துயருக்குத் தானே அழுவது, பிறர் துயர் கண்டு அழுவது. பிரினிக்கஸின் அரங்கில் இரண்டுக்கும் இடையே இடைவெளி இல்லாமற் போயிற்று. அதனாலேயே ஏதென்ஸ் தாங்கவில்லை போலும். கி.மு. 472இல் எஸ்கிலஸ் எழுதிய 'பாரசீகர்' நாடகம் பகைவரின் அரண்மனையில் எழும் அழுகையைக் காட்டியது. அதற்குப் பரிசு கிடைத்தது.

எங்கள் தோட்டங்களிலே அந்த இடைவெளியைக் காமன் கூத்து தருகிறது. மாசி மாதத்திலே காமன் ஊன்றி, காப்புக் கட்டி, விரதமிருந்து ஆடுகிறார்கள். தப்பு அதிர வீரபத்திரர் வரும்போது ஆடுபவருக்கு வருவது கிரேக்கர் சொன்ன எந்தூசியாஸ்மொஸ்தான். சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிந்தபின் ரதி புலம்புவாள். சுற்றியிருக்கும் தாய்மார் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். ரதிக்காக அழுகிறார்களா, கோச்சியிலே போன தமக்கைக்காக அழுகிறார்களா என்று யாரும் கேட்பதில்லை. பொழுது விடிந்ததும் கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போகிறார்கள். சடங்கின் இசை மனத்தைக் கிளறிப் பின் மருந்து உண்டாற்போல அமைதிப்படுத்துகிறது என்று அரிஸ்டோட்டில் எழுதியது ஏட்டுச் செய்தியன்று. கந்தப்பளைத் தோட்டத்திலே மாசிப் பனியில் நின்றால் கண்ணாற் காணலாம்.

அந்தப் பயிற்சிக்கு வருகிறேன். தாள்களைத் திருப்பிக் கொடுத்து, அந்த ஒரு சொல்லை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் எழுதுங்கள் என்றேன். பரீட்சைக்காரி 'பயம்' என்று எழுதினாள். பஸ்ஸில் சண்டை பிடித்தவன் நெடுநேரம் யோசித்து, 'கோபம்' என்று எழுதி வெட்டி, 'அவமானம்' என்று எழுதினான். அரிஸ்டோட்டில் கண்டால் மகிழ்ந்திருப்பார். அண்ணனை எதிர்பார்த்தவள் 'ஏக்கம்' என்று எழுதி, அதன் கீழே தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தாள்: இன்று பின்னேரம் அவருக்கு நான் போன் எடுப்பேன்.