லைன் வீடுகளும் உரிமமும்: ஒரு சிறு வரலாறு

கோவையின் வரலாற்றை எழுதுவோர் ஆலைகளைப் பற்றி எழுதுகின்றனர். சிறுவாணி நீரைப் பற்றியும் பைக்காரா மின்சாரத்தைப் பற்றியும் எழுதுகின்றனர். ஆலையில் உழைத்தவர் இரவில் எங்கே படுத்தார் என்ற கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அவர்களுள் பலருக்கு இருப்பிடமாக அமைந்தது லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஓரறை வீடுகள், பொதுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி, கோடியில் கழிப்பறை. 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை தோன்றியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் கிடைத்தபின் ஆலைகள் பெருகின. பின்னாளில் திருப்பூரில் பனியன் தொழில் வளர்ந்தபோது அங்கும் இவ்வகை வீடுகளே தொழிலாளரை ஏற்றுக்கொண்டன.

இத்தகைய வீட்டை வாடகைக்கு விடுபவர் எவரிடமேனும் உரிமம் பெற வேண்டியிருந்ததா? இவ்வினாவோடு பழைய சட்டங்களைப் புரட்டினால் விந்தையான விடை கிடைக்கிறது.

நெரிசலின் ஆபத்தைக் கோவை அறியாததன்று. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நகரைப் பிளேக் நோய் பலமுறை தாக்கியது. அதன் நினைவாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இங்கே உள்ளன. 1939-இல் மெட்ராஸ் மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. தங்கும் விடுதி நடத்துவோர் உள்ளாட்சி அமைப்பிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது அது. ஆனால் அச்சட்டம் விடுதி என்று கருதியது, வழிப்போக்கர் பணம் கொடுத்துத் தங்கும் இடத்தையே. ஓரிரவு தங்குபவருக்காகப் பதிவேடு திறக்கப்பட்டது. முப்பதாண்டு குடியிருப்பவரின் வீட்டுக்கு அப்பதிவேட்டில் இடமில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசின் கவனம் வாடகையின் மீது திரும்பியது. 1941-இன் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணையைத் தொடர்ந்து 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் வந்தன. வீடு காலியானால் உரிய அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இவற்றில் இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது உரிமம் போலவே தோன்றும். உண்மையில் அரசு ஊழியர்க்கு அவ்வீடு தேவைப்படுமா என்பதே அதிகாரியின் கேள்வி. தேவையில்லை என்றால் உரிமையாளர் விரும்பியவருக்கு விடலாம். வீடு குடியிருக்கத் தக்கதா என்று அந்த விதி கேட்கவில்லை.

1973-இல் திருத்தம் ஒன்று, மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளைச் சட்டத்தின் காப்பிலிருந்து விலக்கியது. அந்த விலக்கு செல்லாது என 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வாறு அரை நூற்றாண்டுக்காலம் வழக்குகளின் மையமாக இருந்தவை வாடகையும் வெளியேற்றமுமே. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்து மூல ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவதையும் கட்டாயமாக்கியது. இங்கும் பதிவாவது ஒப்பந்தம்; வீட்டின் நிலை அன்று.

உரிமம் என்ற சொல் இங்கே உண்மையான பொருளோடு ஒலித்தது 2014-இல். அவ்வாண்டு பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் இரு சிறுமியர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அதைத் தொடர்ந்து, மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகளும் இல்லங்களும் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் இயற்றப்பட்டது. ஒரு கொடுமை நிகழ்ந்த பிறகே, அது நிகழ்ந்த வகைக் கட்டடத்துக்கு மட்டும் உரிமம் வந்தது.

உரிமம் வந்தால் எல்லாம் சீராகிவிடும் என்று நாம் நம்பிவிடவும் இயலாது. 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சிறு வீடுகளை அளந்து, எத்தனை பேர் தங்கலாம் என்று பொறித்த தகரத் தகடுகளைக் கதவுகளில் அடித்தார்கள். நள்ளிரவில் சோதனைக்கு வந்த ஆய்வாளர்களுக்கு அஞ்சி ஒளிந்தவர்கள் ஏழைக் குடித்தனக்காரர்களே. இங்கிலாந்தின் 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் சுமையை இடம் மாற்றியது: பல குடும்பத்தினர் பகிர்ந்து வாழும் பெரிய வீடுகளை வாடகைக்கு விடுபவர் உள்ளாட்சி மன்றத்திடம் உரிமம் பெற வேண்டும், தீப் பாதுகாப்புக்கும் அவரே பொறுப்பு.

நம்மிடையே உள்ள போக்கு கிளாஸ்கோவை நினைவூட்டுகிறது. 2012-இல் சென்னைக் காவல்துறை, குடியிருப்போரின் விவரங்களை ஒப்படைக்குமாறு வீட்டு உரிமையாளர்களுக்கு ஆணையிட்டது. வடக்கிலிருந்து வந்த தொழிலாளியின் அடையாள அட்டையைக் கேட்க நமக்குத் தோன்றுகிறது. அவர் படுக்கும் அறைக்கு ஒரு சன்னலேனும் உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை.

தெருமுனையில் தேநீர்க்கடை வைக்க மாநகராட்சியின் தொழில் உரிமம் வேண்டும். அக்கடையில் தேநீர் அருந்துபவர் குடியிருக்கும் லைன் வீட்டிடம் மாநகராட்சி கேட்பது சொத்துவரியை. அந்த வரிப் பதிவேட்டில் கழிப்பறை எத்தனை, குடும்பங்கள் எத்தனை என்று இரண்டு கலங்கள் சேர்த்தாலே போதும். 1939-இல் விடுபட்ட வேலை அங்கிருந்து தொடங்கலாம் என்பது நம் எண்ணம்.