முல்லைக்கொடியும் புழல் கோட்டையும்: தொண்டைமான் கதையின் அடுக்குகள்

1. ஆய்வுப் பொருள்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே உள்ள வடதிருமுல்லைவாயிலில், மாசிலாமணீசுவரர் சன்னதி வாயிலில் இரண்டு எருக்கந்தூண்கள் நிற்கின்றன. புழல் கோட்டையை வென்ற தொண்டைமான் அங்கிருந்து கொண்டுவந்தவை என்பது தலவரலாறு. எருக்கு இவ்வளவு பருக்குமா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆனால் மரம் எதுவானாலும், அதன்மேல் ஏறியிருக்கும் கதைதான் இங்கே ஆய்வுக்குரியது.

கதை இதுதான். புழலில் இருந்த ஓணன், வாணன் என்ற குறும்பர் தலைவர்களிடம் தோற்றுத் திரும்பிய தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் சிக்குகிறது. அவன் வாளால் கொடியை வெட்ட, புதரிலிருந்த லிங்கத்தில் குருதி பெருகுகிறது. தன் கழுத்தை அறுத்துக்கொள்ளத் துணிந்தவனைத் தடுத்த இறைவன், நந்தியைத் துணைக்கு அனுப்புகிறார். போருக்குப் புறப்பட்ட நிலையில்தான் நந்தி இறைவனுக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கியிருக்கிறதாம்.

2. பிறப்புக் கதைகள்

தொண்டைமான் என்ற பெயருக்குப் பின்னால் பழைய பிறப்புக் கதைகள் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். அவன் மரபைக் கடல் திரை தந்த மரபு என்கிறது அந்நூல். பிற்காலக் கதையில் வரும் நாகப்பெண் அங்கே இல்லை. சோழன் ஒருவன் நாகர்மகளைக் கூடினான், அவள் குழந்தைக்குத் தொண்டைக்கொடியை அடையாளமாகச் சுற்றிக் கடலில் விட்டாள் என்ற விரிவைத் தருபவர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். இடையில் பல நூற்றாண்டுகள் கடந்துவிட்டன.

மணிமேகலையில் நாகர்குலப் பீலிவளை பெற்ற குழந்தை, கம்பளச் செட்டியின் கப்பல் உடைந்து காணாமல் போகிறது. மகனைத் தேடிய சோழன் இந்திர விழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. அந்தக் குழந்தைதான் தொண்டைமான் என்று காப்பியம் எங்கும் சொல்லவில்லை. அது பின்வந்த அறிஞர்கள் போட்ட முடிச்சு.

தொண்டை மண்டலத்தை ஆண்ட பல்லவர் இந்த நாகப்பெண் கதையை வேறு விதமாகக் கையாண்டார்கள். 9ஆம் நூற்றாண்டு வேலூர்ப்பாளையம் செப்பேடு, வீரகூர்ச்சன் நாகர்கோன் மகளின் கைப்பிடித்தபோதே அரச சின்னங்களையும் பெற்றான் என்கிறது. இராயக்கோட்டைச் செப்பேட்டில் கந்தசிஷ்யன், அசுவத்தாமனுக்கு நாகப்பெண் வயிற்றில் பிறந்தவன். என் முடிவு: நாகப்பெண் இங்கே மண்ணின் உரிமை. அவளை மணந்தவனுக்கும் அவள் வயிற்றில் பிறந்தவனுக்கும் நாடு சேரும்.

3. அயர்லாந்து

அயர்லாந்தின் அரசர் கதைகளிலும், பெண் வழியே நாட்டுரிமை சேர்க்கும் இதே வேலை நடக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கதையில், கிணற்றைக் காக்கும் அருவருப்பான கிழவிக்கு முத்தம் கொடுக்க இளவரசன் நியாலின் அண்ணன்மார் தயங்க, அவன் மட்டும் முழுமனதோடு கொடுக்கிறான். அவள் பேரழகியாக மாறி, தானே நாட்டின் அரசுரிமை என்கிறாள். நியாலின் வழியினர் என்று சொல்லிக்கொண்ட ஈ நேயில் மரபினருக்கு இதைவிட நல்ல பட்டயம் வேண்டுமா?

4. காலக் குழப்பம்

19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில், குறும்பரை வென்ற தொண்டைமான், ஆதொண்டை என்ற பெயரில், குலோத்துங்க சோழனின் மகனாகிறான். குறும்பர் சமணராகிறார்கள், அவர்களின் கோட்டைகள் தொண்டை மண்டலக் கோட்டங்களைப் போலவே 24.

ஆதொண்டை குலோத்துங்கன் மகன் என்பதை ஏற்க முடியாது. முதல் குலோத்துங்கன் ஆண்டது 1070 முதல் 1120 வரை. 8ஆம் நூற்றாண்டுச் சுந்தரரோ திருமுல்லைவாயில் பதிகத்திலேயே தொண்டைமானையும் யானையையும் முல்லைக்கொடியையும் குறிப்பிட்டுவிட்டார். குறும்பரும் புழலும் அவர் பாட்டில் இல்லை. ஆகவே அற்புதம் பழையது. போர் பின்னால் வந்து சேர்ந்தது.

குலோத்துங்கன் பெயர் எப்படி நுழைந்தது? அவனுடைய படைத்தலைவன், கலிங்கத்துப்பரணி புகழும் வெற்றிவீரன், கருணாகரத் தொண்டைமான். சோழன் பெயரும் தொண்டைமான் பெயரும் ஒரு வெற்றியில் இணைந்து மக்கள் நினைவில் நின்றதால், புழல் வெற்றியும் அந்தக் காலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். இது என் ஊகமே.

5. தோற்றவர் பக்கம்

நமக்குக் கிடைப்பதெல்லாம் வென்றவர் சொன்ன கதை. குறும்பர் தங்கள் வாயால் சொன்ன வரலாறு இக்கதைகளில் இல்லை. புழலில் ஆதிநாதர் சமணக் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் புழல் போரைப் பற்றி எழுதுவது அரைகுறை வேலை. ஆதொண்டையைக் குலோத்துங்கன் மகன் என்று இன்னும் அச்சிடும் தலவரலாற்று நூல்கள், அந்த வரியை அடுத்த பதிப்பிலாவது நீக்க வேண்டும்.