வாரம் ஒரு நாள், ஒரு மேசை: ரோட்டரி சங்க வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

சங்கங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தலைவர்களின் பெயர்ப் பட்டியலிலிருந்தே தொடங்குவர். பொன்விழா மலர்களைப் புரட்டினால் முதல் பத்துப் பக்கங்களும் மாலையணிந்த திருமுகங்களாகவே இருக்கும். நாம் அவ்வழியே செல்லவில்லை. ஒரு சங்கத்தின் உண்மையான வரலாறு அதன் வருகைப் பதிவேட்டிலும் கணக்கேட்டிலும் உள்ளது என்பது எம் கருத்து. யார் வந்தனர், யார் வர அனுமதிக்கப்படவில்லை, வந்தோர் என்ன கொடுத்தனர் என்னும் மூன்று வினாக்களையும் அவ்விரு ஏடுகளைக் கொண்டே கேட்க இயலும். வாரந்தோறும் கூடுவதையே தன் உயிர்நாடியாகக் கொண்டு வளர்ந்த ரோட்டரி சங்கத்தை முன்வைத்து அவ்வினாக்களை இங்கே எழுப்புகிறோம். நம் மலாயா மண்ணிலும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக வேரூன்றிய சங்கம் அது.

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் மாலை, சிக்காகோ நகரின் யூனிட்டி கட்டடத்தில் 711ஆம் எண் அறையில் நால்வர் கூடினர். அழைத்தவர் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர். அறைக்குரிய குஸ்தாவஸ் லோர் சுரங்கப் பொறியாளர். சில்வெஸ்டர் ஷீலே நிலக்கரி வணிகர். ஹைரம் ஷோரி தையற்கடை உரிமையாளர். வெர்மாண்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தவர் ஹாரிஸ். ஊரில் எதிர்ப்படும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துப் பழகியவருக்குப் பெருநகரத்தின் தனிமை தாளவில்லை. தொழிலில் அறிமுகமானோர் பலர் இருந்தும் நண்பர் இல்லை. அக்குறையே சங்கத்தின் வித்து. தோட்டத்தைவிட்டுப் பட்டணம் வந்து, அடுக்குமாடி வீட்டில் அண்டை வீட்டார் பெயரறியாமல் வாழ்ந்த நம் முந்தைய தலைமுறையினர்க்கு இவ்வேக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

உறுப்பினர் ஒவ்வொருவரின் பணியிடத்திலும் முறைவைத்துச் சுழன்று கூடியதால் ரோட்டரி என்னும் பெயர் வந்தது. தமிழில் சிலர் இதனைச் சுழற்சங்கம் என்று வழங்குவர். உறுப்பினர் பெருகியதும் அலுவலக அறைகள் போதாமல் உணவகங்களில் நிலையாகக் கூடத் தொடங்கினர். சுழற்சி நின்றது, பெயர் நின்றுவிட்டது. சொற்கள் தம் பிறப்புக் காரணத்தை மறந்து வாழ்வதற்கு மாணவர்க்கு எடுத்துக்காட்டத் தக்க ஒன்றாக இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் இது தொண்டுச் சங்கமன்று. முதல் விதிகள் சொன்ன நோக்கங்கள் இரண்டே: உறுப்பினரின் தொழில் நலத்தை வளர்த்தல், நட்பைப் பேணுதல். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்று வரையறுத்ததன் உட்கருத்தும் அதுதான். தையற்காரர் வழக்கறிஞரிடம் செல்வார், வழக்கறிஞர் நிலக்கரி வணிகரிடம் வாங்குவார். 1906ஆம் ஆண்டு டொனால்ட் கார்ட்டர் என்னும் காப்புரிமை வழக்கறிஞரைச் சேருமாறு அழைத்தபோது, தம் உறுப்பினர்க்கன்றி வேறு எவர்க்கும் பயன்படாத சங்கத்திற்கு எதிர்காலம் இராது என்று கூறி அவர் மறுத்தார். மறுத்தவரைச் சினந்து விலக்காமல், நகரத்தின் நலத்தைப் பேணுதல் என்னும் மூன்றாம் நோக்கத்தை வகுக்குமாறு அவரையே வேண்டினர். அவரும் சேர்ந்தார். சங்கத்தின் வரலாற்றில் நிறுவனர் நால்வரின் பெயர்களுக்கு ஒப்ப வைக்கத்தக்கது வெளியே நின்று குறை சொன்ன இவருடைய பெயர் என்றே நாம் எண்ணுகிறோம்.

அம்மூன்றாம் நோக்கத்தின் முதற்பணி பலரும் எதிர்பாராத ஒன்று. சிக்காகோவில் பொதுக் கழிப்பிடங்கள் அமைக்க வேண்டும் என்று 1907ஆம் ஆண்டில் சங்கம் முனைந்தது. எதிர்ப்பு இரு திசையிலிருந்து எழுந்தது. மதுக்கடைகளில் ஆடவர்க்கு அவ்வசதி உண்டென்று மது உற்பத்தியாளர் சங்கத்தினர் வாதிட்டனர். எம் கடைகளில் பெண்டிர்க்கு அவ்வசதி உண்டென்று பேரங்காடியினர் சொல்லினர். குடியாமலும் பொருள் வாங்காமலும் ஒருவர் தம் இயற்கைக் கடனைக் கழிக்க ஓர் இடம் வேண்டும் என்பதே சங்கத்தின் மறுமொழி. பளிங்கு மண்டபம் எழுப்பிக் கல்வெட்டில் பெயர் பொறிக்க விரும்பும் கொடையுள்ளத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நோக்கத்தக்கது.

வாரந்தோறும் கூடுதல் என்பது வெறும் வழக்கமன்று. அது கண்டிப்பான விதியாக இருந்தது. ஒருவர் தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வாராதொழிந்தால் உறுப்பினர் நிலையை இழக்க நேரும். ஆயின் அவ்விதியோடு ஒரு விட்டுக்கொடுப்பும் பிறந்தது. தம் சங்கத்தின் கூட்டத்தைத் தவறவிட்டவர் குறித்த நாள்களுக்குள் வேறெந்த ஊர்ச் சங்கத்தின் கூட்டத்திலேனும் கலந்துகொண்டு அதனை ஈடுசெய்யலாம். கண்டிப்புக்குப் பின்னே ஒளிந்திருந்த அருமையான ஏற்பாடு இதுவே. வணிகத்தின் பொருட்டுக் கப்பலேறிய ஒருவர் முன்பின் அறியாத துறைமுகத்தில் இறங்கி, அன்று நண்பகல் அவ்வூரார் நடுவே உண்ண அமரலாம். பின்னர் உலகளாவிய அமைப்பாக இது விரிந்ததற்கு மாநாட்டு முழக்கங்களைவிட இந்த ஈட்டு வருகை விதியே பெரிதும் துணை செய்திருக்க வேண்டும்.

இனி நம் மண்ணிற்கு வருவோம். ஆசியாவில் மணிலா, ஷாங்ஹாய், கல்கத்தா ஆகிய நகரங்களில் 1919ஆம் ஆண்டிலேயே சங்கங்கள் தோன்றின. இடைப்பட்ட நிலப்பரப்பு வெற்றிடமாக இருந்தது. அதனை நிரப்பும் பொறுப்பைக் கனடாவின் கல்கரி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் டேவிட்சன் ஏற்றார். இளமையில் பியரியின் கிரீன்லாந்துப் பயணத்தில் பங்குகொண்டவர், தைவானில் போர்ச் செய்தியாளராக இருந்தவர், அத்தீவைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். 1928ஆம் ஆண்டு மனைவியோடும் மகளோடும் புறப்பட்டு 1931ஆம் ஆண்டுவரை அவர் பயணம் நீண்டது. ஏதென்சு, கெய்ரோ, சென்னை, கொழும்பு, ரங்கூன் எனத் தொடர்ந்து மலாயாவின் நகரங்களுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். சிங்கப்பூர்ச் சங்கம் 1930ஆம் ஆண்டு ஜூன் மாதம் தோன்றியது. அதே ஆண்டு பாங்காக்கில் தோன்றிய சங்கத்தின் முதல் தலைவராகச் சயாம் இளவரசர் புரசத்ரர் அமர்ந்தார்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். அன்றைய மலாயாவில் கிளப் என்னும் சொல் எதனைக் குறித்தது? 1865ஆம் ஆண்டு தோன்றிய சிங்கப்பூரின் தங்ளின் கிளப் முதலியவை ஐரோப்பியர் தமக்குள் கூடிக் களிக்கும் இடங்கள். ஆசியர் அங்கே பரிமாறலாம், கணக்கெழுதலாம். உடன் அமர்ந்து உண்ணுதல் நடவாது. ஆசியர்க்கென்று தனித்தனிச் சங்கங்கள் இருந்தன. சிங்கப்பூர் இந்தியர் சங்கம் 1923ஆம் ஆண்டு தோன்றியது. இலங்கைத் தமிழர்க்கு அதற்கு முன்பே ஒரு சங்கம் உண்டு. ஒவ்வோர் இனமும் தன் கூரையின்கீழ்க் கூடியது. அத்தகைய சூழலில் ஆங்கிலேய அதிகாரியும் சீன வணிகரும் மலாய்ப் பெருமகனும் இந்திய மருத்துவரும் ஒரே மேசையில் வாரந்தோறும் உண்ண வேண்டும் என்று ஓர் அயலார் வந்து சொன்னார். தொழிலால் பிரித்தறியும் விதி, நிறத்தால் பிரித்தறியும் வழக்கத்தை ஒரு மணி நேரத்திற்கேனும் ஒதுக்கிவைத்தது.

எனினும் நாம் மிகைப்படுத்தலாகாது. அம்மேசைக்கு வந்தோர் அனைவரும் ஆங்கிலம் பேசுவோர், தம் தொழிலில் தலைமை நிலை எய்தியோர். இரப்பர்த் தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த நம்மவர்க்கு அவ்விருந்தின் மணம்கூட எட்டியிராது. நிறத்தின் சுவர் தாழ்ந்த இடத்தில் வருவாயின் சுவர் நின்றது. அதே காலத்தில் நம் மக்கள் வேறு வகைச் சங்கங்களைக் கட்டிக்கொண்டிருந்தனர். 1932ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935ஆம் ஆண்டு கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டி அவர் 'தமிழ் எங்கள் உயிர்' நிதியை எழுப்பியபோது கேட்டது ஆளுக்கு ஒரு வெள்ளி. விருந்து மேசையில் காசோலை எழுதுவது ஒரு முறை. தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி தம் மடியிலிருந்து ஒரு வெள்ளியை எடுத்து நீட்டுவது இன்னொரு முறை. முன்னதில் தொகை விரைவாகச் சேரும். பின்னதில் கொடுத்தவர் அனைவரும் அப்பொருளுக்கு உரியவராகிவிடுகின்றனர். நம் நூலகங்களுக்கு அவ்விரண்டாம் முறையே அடித்தளம் இட்டது என்பதை நன்றியோடு பதிவு செய்கிறோம்.

போர் வந்தது. நாடு கடந்த அமைப்பெதனையும் ஐயத்தோடு நோக்கிய அரசுகளின் நெருக்குதலால் 1940ஆம் ஆண்டு ஜப்பானியச் சங்கங்கள் உலக அமைப்பினின்று விலகின. ஆயினும் பல ஊர்களில் உறுப்பினர் கூடுவதை நிறுத்தவில்லை. சங்கத்தின் பெயரைச் சொல்ல இயலாமையால், தாம் கூடிய கிழமையின் பெயரையே சூட்டிக்கொண்டனர்: புதன்கிழமைக் கழகம், வெள்ளிக்கிழமைக் கழகம் என்று. கொடியும் சின்னமும் போனபின் எஞ்சியது கிழமை ஒன்றே. அதே ஜப்பானியப் படை 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரைக் கைப்பற்றியதும் இங்கிருந்த மேசைகள் கலைந்தன. போர் முடிந்த பின்னரே மீண்டும் கூடின.

இனி வருகைப் பதிவேட்டில் இடம்பெறாதோரைப் பற்றி. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயரும் முறைப்படி ஏறவில்லை. விதியில் 'ஆடவர்' என்னும் சொல் இருந்தது. உறுப்பினரின் மனைவியர்க்கு 1924ஆம் ஆண்டு மான்செஸ்டரில் தோன்றிய இன்னர் வீல் என்னும் தனிச் சங்கம் போதும் என்று கருதினர். ஆண்கள் மட்டுமே நிறைந்த அவ்வமைப்பின் உள்ளிருந்தே மாற்றுக்குரல் எழுந்தது; அதுவும் நம் பக்கத்திலிருந்து எழுந்தது. 'ஆடவர்' என்னும் சொல்லை நீக்குமாறு 1950ஆம் ஆண்டு இந்தியச் சங்கம் ஒன்று முன்மொழிந்தது. பெண்களைச் சேர்க்க இசையுமாறு 1964ஆம் ஆண்டு இலங்கைச் சங்கம் ஒன்று முன்மொழிந்தது. இரண்டும் பலிக்கவில்லை. கீழை நாட்டார் மேலை நாட்டாரிடமிருந்தே சமத்துவம் கற்றனர் என்று பாடநூல் பாணியில் எழுதுவோர் இவ்விரு ஆண்டுகளையும் நினைவிற் கொள்ளல் நன்று.

1977ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் டுவார்ட்டே என்னும் சிற்றூர்ச் சங்கம் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. உலக அமைப்பு அடுத்த ஆண்டே அச்சங்கத்தின் உரிமையைப் பறித்தது. அவர்களோ கலையவில்லை. 'முன்னாள் ரோட்டரி சங்கம்' என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டு வழக்கம்போல் கூடினர்; வழக்கும் தொடுத்தனர். நீதிமன்றம் மாறி நீதிமன்றம் சென்ற அவ்வழக்கில், 1987ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்களின் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே டுவார்ட்டே சங்கத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற சில்வியா விட்லாக் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். 1989ஆம் ஆண்டு அச்சொல் விதியினின்று நீக்கப்பட்டது. உலக அமைப்பின் தலைமை நாற்காலியில் ஒரு பெண், கனடாவின் ஜெனிபர் ஜோன்ஸ், அமர்வதற்கு மேலும் முப்பத்து மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன.

கணக்கேட்டின் கதை பதிவேட்டின் கதையைவிட மகிழ்ச்சி தருவது. உலகிற்கு நன்மை செய்ய ஒரு நிலைநிதி வேண்டும் என்று 1917ஆம் ஆண்டு மாநாட்டில் ஆர்ச் கிளம்ப் முன்மொழிந்தார். அதற்கு அடுத்த ஆண்டு கான்சஸ் நகரச் சங்கத்திலிருந்து வந்த முதல் நன்கொடை இருபத்தாறு அமெரிக்க வெள்ளி ஐம்பது காசு. நெடுங்காலம் அந்நிதி மெலிந்தே கிடந்தது. 1947ஆம் ஆண்டு பால் ஹாரிஸ் மறைந்தபோது, அவர் நினைவாகப் பொருள் குவிந்தது. அதனைக்கொண்டு முதற்கட்டமாகப் 18 மாணவர் வெளிநாடு சென்று கற்க உதவித்தொகை பெற்றனர்.

1979ஆம் ஆண்டு பிலிப்பீன்சில் ஏறத்தாழ 60 லட்சம் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து வழங்கும் பணியில் சங்கம் இறங்கியது. அவ்வெற்றி தந்த துணிவால், 1985ஆம் ஆண்டு உலகம் முழுவதும் அந்நோயை ஒழிக்க 12 கோடி அமெரிக்க வெள்ளி திரட்டுவதென்று உறுதிபூண்டது. 1988ஆம் ஆண்டில் சேர்ந்திருந்தது 24 கோடியே 70 லட்சம். இலக்கின் இரு மடங்கிற்கும் மேல். அத்தொகை செல்வர் ஒருவர் கைவிரித்து அளித்ததன்று. ஊர்தோறும் வார மேசைகளில் சொல்லிச் சொல்லிச் சேர்த்தது. கொடுக்க மறந்தவரை அடுத்த வாரம் அதே மேசையில் எதிர்கொள்ள வேண்டியிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நாம் சற்றே குறும்பாகக் கருதுவதுண்டு. அவ்வாண்டு உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,50,000 பேரை அந்நோய் தாக்கியது. இந்தியாவில் கடைசியாக 2011ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் ஹவுராவில் ஒரு குழந்தையிடம் அது கண்டறியப்பட்டது. 2014ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் இந்தியா போலியோ அற்ற நாடென்று சான்று பெற்றது. இதில் அரசுகளின் பங்கும், உலகச் சுகாதார நிறுவனத்தின் பங்கும், வெயிலில் வீடுவீடாக நடந்த பெண் ஊழியரின் பங்கும் மிகப் பெரிது. மருந்துப் பெட்டியைச் சுமந்த அவர்களின் பெயர்களை எந்தப் பதிவேட்டிலும் நாம் காணவில்லை.

இது முடிந்த கதையென்று நம் மாணவர் எண்ண வேண்டா. மலேசியாவில் 27 ஆண்டுகளுக்குப் பின் 2019ஆம் ஆண்டு டிசம்பரில் சபா மாநிலத்தில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்குப் போலியோ கண்டறியப்பட்டது. 1992ஆம் ஆண்டோடு நம்மைவிட்டு அகன்றது என்று கருதிய நோய் அது.

வாரக் கூட்டமோ தளர்ந்துவிட்டது. இளைஞர் வருவதில்லை, நண்பகலில் எவர்க்கும் ஓய்வில்லை என்னும் முறையீடு நெடுநாளாக இருந்தது. 2016ஆம் ஆண்டு கூடிய சட்ட மன்றம், மாதம் இருமுறை கூடினால் போதும் என்றும், அதனை எவ்வகையில் நடத்துவதென்பதை அந்தந்தச் சங்கமே முடிவு செய்யலாம் என்றும் விதியை நெகிழ்த்தியது. ஆயினும் பல ஊர்ச் சங்கங்கள் இன்றளவும் தம் பழைய கிழமையை விடாமல் வாரந்தோறும் கூடிவருகின்றன.